சிம்லாவில் தண்ணீர் பாய்ச்சும் இரவு

வாடிப்பட்டியில் இருப்பவர்களுக்கு மலை தூரமில்லை. வடக்கே பார்த்தால் சிறுமலை. ரயிலில் திண்டுக்கல் பக்கம் போனால் அடுத்த நிலையமே கொடைக்கானல் ரோடு. அங்கே இறங்கி பஸ் பிடித்தால் சில மணி நேரத்தில் ஏரி, பைன் மரம், மஃப்ளர் எல்லாம் வந்துவிடும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,130 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. சிம்லா இந்த இரண்டுக்கும் நடுவில், 2,200 மீட்டரை ஒட்டி. உயரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் ஊட்டியில் தை மாதத்து விடியலில் புல் நுனியில் உறைபனி படிந்தாலே செய்தித்தாளில் படம் வருகிறது. சிம்லாவில் அதே உயரத்தில், அதே மாதத்தில், காலணிக்கு அடியில் இரும்புத் தகடு பூட்டிய மனிதர்கள் உறைந்த தண்ணீர் மேல் வட்டமிட்டு ஓடுகிறார்கள். 1920-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம், ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கிறது, சிம்லா 31 டிகிரி வடக்கே. மதுரையில் மார்கழி இரவு 12 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சிம்லாவில் அது 14 மணி நேரத்தைத் தொடும். பகல் வெயிலில் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்க மண்ணுக்கு அங்கே அவ்வளவு அவகாசம் கிடைக்கிறது.

சிம்லாவின் ஸ்கேட்டிங் தளத்தில் ஐஸ் உண்டாக்க இயந்திரம் இல்லை, ராத்திரி முழுக்க ஆட்கள் தண்ணீர் விட்டு விட்டுத்தான் தளம் போடுகிறார்கள் என்று எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். பேரணையில் பிரிந்து வரும் பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் வயலுக்குத் தண்ணீர் விடுகிறவரை நீர்பாய்ச்சி என்போம். பனி மலையில் ஒரு நீர்பாய்ச்சி இருக்கிறார் என்றால், அவரைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயிலே ஓடுகிறது. இரண்டு நாளுக்கும் மேலான பயணம். புளியோதரை முதல் நாளோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தேநீரின் நிறமும் இனிப்பும் மாறுவதைக் கொண்டே எந்த மாநிலம் என்று கண்டுபிடித்துவிடலாம். போபால் தாண்டியதும் பெட்டியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. சண்டிகரிலிருந்து காலகா பக்கம்தான். அங்கிருந்து சிம்லாவுக்குச் சின்ன ரயில்.

இந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நீலகிரி ரயிலை வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். அந்த மலை செங்குத்து. சில இடங்களில் 12½ அடி போவதற்குள் ஓர் அடி ஏற வேண்டும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இன்னொரு பட்டை போட்டு, பல்சக்கரத்தால் பற்றிப் பற்றி ஏறுகிறது. காலகா - சிம்லா பாதையில் பல்சக்கரம் இல்லை. 33 அடிக்கு ஓர் அடி என்ற அளவோடு ஏற்றத்தை நிறுத்திக்கொண்டு, அதற்கு விலையாகத் தூரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். சுமார் 96 கிலோமீட்டர், 919 வளைவுகள், 864 பாலங்கள், இன்றைக்குப் புழக்கத்தில் 102 சுரங்கங்கள். 1903 நவம்பரில் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். 656 மீட்டர் உயரத்தில் இருக்கும் காலகாவிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோய்ச் சேர்க்க ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. டார்ஜிலிங், நீலகிரி ரயில்களை அடுத்து இதுவும் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

நடுவழியில் பரோக் என்றொரு நிலையம். அதை ஒட்டி 1,143 மீட்டர் நீளச் சுரங்கம், பாதையிலேயே மிக நீளமானது. பரோக் என்ற பொறியாளர் இரு பக்கமிருந்தும் குடைய ஆரம்பித்து, இரண்டும் நடுவில் சந்திக்காமல் போக, அவமானத்தில் உயிரை விட்டார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. பிறகு ஹாரிங்டன் என்பவர் புதிதாக ஒரு வழியைக் குடைந்தார். அவருக்கு மலையின் போக்கைக் கைத்தடியால் தட்டித் தட்டிக் காட்டியவர் பல்கு என்ற உள்ளூர் மனிதர், ஆடு மேய்த்தவர் என்கிறார்கள். சிம்லாவின் ரயில் அருங்காட்சியகத்துக்கு இன்று பாபா பல்குவின் பெயர்தான். நிலையத்துக்குப் பெயர் பொறியாளருடையது, அருங்காட்சியகத்துக்குப் பெயர் மலைவாசியுடையது. அந்த இரண்டாவது பெயரை வைத்தவர்களை மனதாரப் பாராட்டினேன்.

சிம்லா நகரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மால் ரோடு, ரிட்ஜ் என்னும் மலைமுகட்டு மைதானம், மஞ்சள் நிறக் கிறைஸ்ட் தேவாலயம், ஜாக்கு குன்றின் மேல் 108 அடி ஆஞ்சநேயர். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் மால் ரோட்டில் நடப்பது சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் நடப்பதற்குச் சமம். இந்தியன் காபி ஹவுஸில் தோசை கிடைக்கிறது. முதுகில் பிரிட்ஜையும் பீரோவையும் கயிற்றால் கட்டிக்கொண்டு படிகளில் ஏறும் காஷ்மீரச் சுமைதூக்கிகளை ஊரார் ‘கான்’ என்று அழைக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் பாதையிலிருந்து அதை வாரித் தள்ளுகிற வேலைக்கும் இவர்களையே தேடுகிறார்கள்.

ரிட்ஜிலிருந்து வடக்குச் சரிவில் இறங்கினால் லக்கர் பஜார். மரச் சாமான் கடைகள்: கைத்தடி, சப்பாத்திக் கட்டை, பொம்மை. அதற்குக் கீழே ஒரு குழிவில் ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது பெரிய வெள்ளைத் தாம்பாளம் போலத் தெரிந்தது. இடத்தைத் தேர்ந்த விதம்தான் எனக்கு முதல் வியப்பு. முகடு தெற்கு வெயிலை மறைக்கிறது. குளிர்காலத்துச் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் இந்தக் குழிவுக்குள் வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் மிகக் குறைவு. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து வந்து குழிவில் தேங்கும். மால் ரோட்டில் நிற்பவருக்கும் தளத்தின் ஓரத்தில் நிற்பவருக்கும் ஒரே ஊரில் இரண்டு பருவம்.

1920-இல் பிளெஸ்ஸிங்டன் என்றொருவர் இங்கே இருந்த டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் விட்டு உறைய வைத்ததில்தான் இது தொடங்கியது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் நடந்ததும் அதே ஆண்டுதான். ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாக அங்கேதான் ஆடப்பட்டது. குளிர்கால ஒலிம்பிக் என்று தனியாக ஒன்று பிரெஞ்சு நாட்டின் ஷாமோனியில் நடக்க இன்னும் நாலு வருஷம் இருந்தது. அப்படிப் பார்த்தால் சிம்லா காலம் தாழ்ந்து வந்த ஊரல்ல.

ஆனாலும் இங்கே கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. சிம்லா 1864-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைக்காலத் தலைநகரானது. கோடையில் வைஸ்ராய் முதல் குமாஸ்தா வரை மொத்த அரசாங்கமும் மலையேறும். அன்னன்டேல் மைதானத்தில் குதிரைப் பந்தயம், போலோ, கால்பந்து; ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டியூரண்ட் கோப்பை 1888-இல் இந்த ஊரில்தான் பிறந்தது. குளிர் வந்ததும் எல்லோரும் சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். ஸ்கேட்டிங்கோ, ஆட்சி இறங்கிப் போன பிறகும் ஊரில் தங்கியவர்களின் விளையாட்டு. அதனால்தானோ என்னவோ, போலோ போய்விட்டது, டியூரண்ட் கோப்பை ஊர் மாறிவிட்டது, ஸ்கேட்டிங் மட்டும் சிம்லாக்காரர்களிடமே தங்கிவிட்டது. தாத்தா ஓடிய தளத்தில் பேத்தி ஓடுகிற குடும்பங்கள் இங்கே உண்டு. மாலை ஸ்கேட்டிங் உண்டு என்றால் ஊர் முழுக்கத் தெரியும்படி சிவப்பு பலூன் ஏற்றும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

நான் தேடி வந்தது ராத்திரி வேலையை. தளத்தின் கேலரியில் விசாரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அண்ணே, தமிழா? எந்த ஊரு?”

“வாடிப்பட்டி, தம்பி.”

“அட, நம்ம பக்கம்ணே! நான் உசிலம்பட்டி.”

ராணுவத்தில் இருக்கிறார். ராணுவப் பயிற்சிக் கட்டளையகம் சிம்லாவில்தான் இருக்கிறது. விடுமுறை மாலைகளில் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ள வருகிறாராம். இந்தி சரளமாகப் பேசுகிறார். அவர் மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது.

மாலை செஷன் முடிந்தது. பிள்ளைகள் ஸ்கேட்ஸைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் வேலையாட்கள் தளத்துக்குள் இறங்கினார்கள். முதலில் நீளமான பலகைச் சுரண்டியால் மேற்பரப்பில் கிளம்பியிருந்த ஐஸ் தூளைத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் வயலில் நடவுக்கு முன் பரம்படிக்கிறோமே, அதே கை, அதே குனிவு. மேடு பள்ளம் தெரிந்தால் திரும்ப வந்து இழுத்தார்கள். பிறகு ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு ஒருவர் தளத்தின் கோடிக்குப் போனார். ஐம்பதைத் தாண்டியவர். தலையில் இமாசலத் தொப்பி, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

குழாயை அவர் நேரே பிடிக்கவில்லை. அதன் வாயில் விரலை வைத்து அழுத்தி, தண்ணீர் விசிறியாகப் போய் மழைச் சாரல் மாதிரி விழும்படி வீசினார். பின்னாலேயே நடந்து வந்தார், நனைத்த இடத்தில் காலை வைக்காமல். ஒரு சுற்று முடிந்ததும் குழாயை மூடிவிட்டு எல்லோரும் அங்கீட்டி அடுப்பு இருந்த அறைக்குள் போய்விட்டார்கள். ஒரு சாரல் உறைந்த பிறகுதான் அடுத்த சாரல்.

“ஒரேயடியா தண்ணிய நிரப்பிவிட்டா என்னன்னு கேளுங்க தம்பி” என்றேன்.

தம்பி கேட்டார். அந்தப் பெரியவர் சிரிக்காமல், மாணவனுக்குச் சொல்வது போலச் சொன்னார். நிரப்பினால் மேலே மட்டும் ஏடு மாதிரி உறையும், உள்ளே தண்ணீர் நிற்கும், காலையில் முதல் ஆள் கால் வைத்ததும் உடையும். மெல்லிய மெல்லிய அடுக்காக வைத்தால் அடியிலிருந்து கல்லாக ஏறும். பருவத்தின் ஆரம்பத்தில் வெறும் தரையில் அடித்தளம் போட இப்படியே இரவுக்கு இரவு, வாரக்கணக்கில் வேலை. அது பிடித்த பிறகு தினமும் மேலே ஒரு பூச்சு.

“எவ்வளவு குளிர் வேணும்? மீட்டர் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

வானத்தைக் கை காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். முகட்டின் விளக்குகளுக்கு மேலே ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

குழந்தைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தரும் விஞ்ஞானம்தான், ஆனால் இங்கே அது கையில் தட்டுப்படுகிறது. பூமியும் தண்ணீரும் இரவில் தங்கள் வெப்பத்தை மேலே வானத்துக்கு வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மேகமில்லாத, காற்று அடிக்காத, வறண்ட இரவில் வெப்பம் தடையில்லாமல் போய்விடுகிறது. அப்போது தரை, அதன் மேலிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்று பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே இருந்தாலும் மெல்லிய தண்ணீர்ப் பூச்சு உறைந்துவிடும். அதனால்தான் அவருக்கு வெப்பமானியைவிட நட்சத்திரம் முக்கியம்.

இந்த வித்தை இந்தியச் சமவெளிக்கே தெரிந்ததுதான். அலகாபாத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஐஸ் செய்த முறையை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-இல் எழுதி வைத்திருக்கிறார். தரையில் பள்ளம் வெட்டி, காய்ந்த கரும்புத் தட்டைகளைப் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றி, தெளிந்த மார்கழி இரவில் விட்டுவிடுவார்கள். சூரியன் வருவதற்கு முன் தட்டுகளில் உறைந்த ஐஸை அள்ளிக் குழியில் சேமிப்பார்கள். கங்கைச் சமவெளியில், மலையே இல்லாத இடத்தில்! நம் தெற்குக்கு அந்தக் குளிரும் எட்டாது. அதனால்தான் சென்னைக்கு ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. பாஸ்டனின் பிரெடெரிக் டியூடர் அங்குள்ள ஏரிகளில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அதே கட்டடம். ஒரு துண்டு ஐஸுக்காக இரண்டு பெருங்கடல்களைக் கடந்த காலம் அது.

அடுப்பறைக்குள் எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இஞ்சி தட்டிப்போட்ட தேநீர். இன்னொருவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தார். டூரிஸ்ட்டுகளுக்குப் பனி பெய்ய வேண்டும். ஓட்டல்காரர்கள், குதிரைக்காரர்கள், டாக்சிக்காரர்கள் எல்லோரும் பனிக்காகக் காத்திருக்கிறார்கள். தளத்துக்கோ பனி விழுந்தால் அன்றைக்கு ஸ்கேட்டிங் கிடையாது. விழுந்ததை அள்ளியாக வேண்டும், மேகம் இருக்கும்வரை தண்ணீர் உறையாது. “ஊர் முழுக்கப் பனிக்கு வேண்டிக்கொள்கிறது, நாங்கள் மட்டும் தெளிந்த வானத்துக்கு” என்றார்.

இதை முதலில் கேட்டபோது ஒருவருக்கு நல்லது மற்றவருக்குக் கெட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அப்படியில்லை. சிம்லாவுக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் மேற்கத்திய வானிலைக் கலக்கங்கள். அவை ஒன்றிரண்டு நாள் மேகம் மூட்டி, பனி கொட்டி, கடந்து போகும். கடந்து போன பிறகு வானம் கழுவிவிட்டது போலத் தெளியும். வடக்கிலிருந்து கடுங்குளிர் இறங்கும். தளம் கெட்டிப்படுவது அந்த இரவுகளில்தான். நல்ல குளிர்காலம் என்பது இந்த இரண்டும் மாறி மாறி வருவது. பனி ஊற்றுகளுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும். தெளிந்த இரவு தளத்துக்கு. இரண்டு தரப்புக்கும் ஒரே குளிர்காலம்தான் சோறு போடுகிறது.

இப்போது தளர்ந்துகொண்டிருப்பது அந்தக் குளிர்காலமே. முன்பு நவம்பரிலேயே ஸ்கேட்டிங் ஆரம்பித்து மார்ச் எல்லை வரை நீடித்த வருஷங்கள் இருந்தன; காலையும் மாலையுமாக ஒரு பருவத்தில் நூறு செஷனைத் தாண்டியிருக்கிறார்கள். இப்போது டிசம்பர் நடுவில் ஆரம்பித்தாலே நல்ல வருஷம். பிப்ரவரியில் ஐஸ் இளகிவிடுகிறது. தண்ணீர்ப் பக்கமும் இதே கதை. 2018 கோடையில் சிம்லாவில் குடிநீர் இல்லாமல் வீதிகளில் லாரிக்கு வரிசை நின்றதை நாடே பார்த்தது.

உலகம் சூடாவதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டால் ஊர் தப்பித்துக்கொள்ளும். அந்தக் குழிவைச் சுற்றி நடந்து பார்த்தேன். தேவதாரு நின்ற சரிவில் கான்கிரீட் அடுக்குகள். கீழே ரிவோலி பஸ் நிலையம். வண்டிகள் உறுமிக்கொண்டே நிற்கின்றன. ஒவ்வொரு சுவரும் பகலில் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் தளத்தின் பக்கம் விடுகிறது. நம் ஊரில் கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயில் வீடு கட்டிவிட்டு, கண்மாய் நிறையவில்லையே என்று வருத்தப்படுகிறோம். இங்கே குளிர் வழிந்து வரும் பாதையில் கட்டியிருக்கிறார்கள்.

எந்தக் காலத்திலும் ஓடுகிற மாதிரி இயந்திரக் குளிரூட்டலோடு தளத்தைப் புதுப்பிக்கும் திட்டம் பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. விளையாடுகிற பிள்ளைகளின் இடத்திலிருந்து பார்த்தால் அது வேண்டியதுதான். பயிற்சிக்கு வருஷத்தில் எட்டு வாரம் என்றால் எந்தப் பிள்ளை எந்தப் போட்டிக்குத் தயாராகும்? அதே சமயம் டேராடூனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே உள்ளரங்க ஐஸ் தளம் கட்டினார்கள். பிறகு மின்செலவைத் தாங்க முடியாமல் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-இல்தான் மறுபடி சர்வதேசப் போட்டியைப் பார்த்தது. நூறு வருஷமாகப் பூட்டாமல் இருக்கும் தளம் எது என்று பார்த்தால், ரப்பர் குழாயோடு இரவில் நடக்கும் இந்த நாலைந்து பேருடையதுதான். இயந்திரம் வரட்டும். இவர்களை அனுப்பிவிட்டு வர வேண்டாம். இயந்திரம் நிற்கிற வருஷத்தில் ஊருக்கு இவர்கள்தான் வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை செஷனுக்குப் போனேன். குளிர் மூக்கின் உள்ளே முள்ளாகக் குத்தியது. ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடுப்பை மடக்கி, வளைவில் ஒரு காலைக் குறுக்கே போட்டு விரைகிறார்கள். இரும்பு ஐஸைக் கீறும் சத்தம் புதுத் துணியைக் கிழிப்பது போல. நடுவில் ஒரு பெரியவர், எழுபது இருக்கும், கம்பளிக் கோட்டு மாட்டி, யாரையும் பார்க்காமல் எட்டு வடிவத்தில் வந்துகொண்டே இருந்தார். உசிலம்பட்டித் தம்பியும் வந்திருந்தார். வாடகை ஸ்கேட்ஸ் வாங்கி எனக்கும் மாட்டிவிட்டு, கணுக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“நடக்க நினைக்காதீங்கண்ணே. முட்டிய மடக்கிக்கங்க. உடம்ப முன்னால குடுங்க. மத்தத அது பாத்துக்கும்.”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே தளத்தைச் சுற்றி வந்தேன். காலுக்குக் கீழே இருந்தது முந்தின இரவு என் கண் முன்னால் விழுந்த சாரல் என்ற நினைப்பு பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது.

அன்று மத்தியானம் பழைய வைஸ்ராய் மாளிகைக்குப் போனோம். 1888-இல் டஃப்ரின் பிரபு குடியேறிய, சாம்பல் கல்லால் ஆன பெருங்கட்டடம். இதைக் கட்டிய ஹென்றி இர்வின்தான் பிறகு சென்னைக்கு வந்து உயர்நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், எழும்பூர் ரயில் நிலையம் எல்லாவற்றிலும் கை வைத்தவர். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்குகிற ஒவ்வொரு மதுரைக்காரரும் அவர் வரைந்த கூரைக்குக் கீழேதான் இறங்குகிறார். அவர் இறந்தது ஊட்டியில், 1922-இல். நாடு விடுதலை அடைந்த பின் இந்த மாளிகை குடியரசுத் தலைவரின் கோடை வாசத்துக்கென்று இருந்தது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அதை ஆராய்ச்சிக்காக விட்டுக்கொடுத்தார். 1965-இல் இந்திய உயர் ஆய்வு நிறுவனம் அங்கே தொடங்கியது. விருந்துக்கும் நடனத்துக்கும் கட்டிய கூடத்தில் இப்போது புத்தக அலமாரிகள். அதிகாரத்தின் வீட்டைப் படிப்புக்குக் கொடுத்த அந்த மனசு எவ்வளவு பெரியது என்று அந்த அலமாரிகளுக்கு நடுவே நின்றால் தெரியும்.

ஸ்கீயிங் பார்க்க வேண்டுமென்றால் சிம்லாவை விட்டு இன்னும் மேலே போக வேண்டும். சுமார் 15 கிலோமீட்டரில் குஃப்ரி. ஒரு காலத்தில் ஸ்கீயிங்குக்குப் பெயர் பெற்ற சரிவு. இன்று குதிரைச் சவாரியும் சேறும் கூட்டமும். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. இந்துஸ்தான் - திபெத் சாலையில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நார்க்கண்டா. 2,700 மீட்டர் உயரம், அதற்கு மேலே ஹாட்டு சிகரத்தில் ஹாட்டு மாதா கோயில். இங்கே சரிவு உயிரோடு இருக்கிறது. வெட்டவெளியில் பயிற்சியாளர் ஒருவர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்கீயை ஆப்பு மாதிரி முன்னால் குவித்து வேகத்தை அடக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள், இலை உதிர்ந்து நின்றன. இந்தப் பக்கத்துக் கோட்கட்டில்தான் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் நூறு வருஷத்துக்கு முன் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிர் என்று கணக்கு உண்டு. அது கிடைக்காவிட்டால் வசந்தத்தில் பூ ஒழுங்காக எடுக்காது. மரத்தின் கணக்கும் தளத்தின் கணக்கும் ஒன்றுதான்.

இந்த மலைகளிலிருந்து உலகத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மணாலியை ஒட்டிய வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்த சிவ கேசவன், தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். 1998-இல் நகானோ ஒலிம்பிக்கில் 16 வயதில் லூஜ் என்னும் பனிச்சறுக்கு வண்டியில் இறங்கினார். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகள். பயிற்சிக்குப் பனித்தடம் இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிகள் ஓடும் இமயமலைச் சாலையில் படுத்தபடி பாய்ந்து பழகியவர். மணாலிப் பக்கத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர் 2018-இல் துருக்கியில் வெண்கலம் வென்று, ஸ்கீயிங்கில் சர்வதேசப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் எனப் பெயர் பெற்றார். காஷ்மீரத்தின் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் இப்படித் தளம் தட்டிக் கொடுத்த, சரிவை மிதித்துக் கெட்டிப்படுத்திய பெயர் தெரியாத கைகள் இருந்திருக்கும்.

சிம்லா தளத்தில் ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை செஷன் நடந்தது என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கை வருஷ வாரியாக எழுதி தளத்தின் வாசலிலேயே பெரிய பலகையாக மாட்ட வேண்டும் என்று கிளம்பும் முன் அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஊர் சூடாவதைச் சொல்ல அதைவிடத் தெளிவான படம் வேறு கிடையாது. பலகையின் அடியில் அந்தந்த வருஷம் தண்ணீர் விட்டவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் ஜனவரி முதல் பாதியில் போங்கள். பள்ளி விடுமுறையும் இரவுக் குளிரும் சேர்ந்து தளம் நிறைந்திருக்கும் காலம் அது. தங்குவதற்கு லக்கர் பஜார் பக்கமே பாருங்கள். காலை செஷனுக்கு இருட்டில் நடக்க வசதி. ஸ்கேட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், கெட்டியான கம்பளிக் காலுறை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள். மாலை செஷன் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். சுரண்டியும் குழாயும் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.